கழித்தல்

சான் ஹுவானுக்கு வடக்கே, ஜூலைக் குளிரில்,
வறண்ட ஏரித் தரையில் முக்காலி ஊன்றினோம்.
நெலிதா பல் மருத்துவர்; கை நடுங்காது.
சமையலறை விளக்கைச் சூரியனாக்கி
எழுபது முறை ஒத்திகை பார்த்திருந்தாள்.

இரண்டரை நிமிடம்.
மலைமேல் கறுத்த வட்டம், சுற்றிலும் வெள்ளைப் பிசிறு.
எவனோ லாரி ஹாரனை அழுத்தி
விடவே இல்லை.
அவள் நிமிரவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்:
நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது…

வெளிச்சம் திரும்பியபோதுதான் கண்டாள்,
லென்ஸின் முகத்தில் வடிகட்டி
மாட்டியது மாட்டியபடி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தெர்மாஸைத் திறந்தேன்.
மாத்தே வேண்டாமென்றாள்.
பிறகு வாங்கிக் குடித்தாள்.

இரவு, உப்புத் தரை விறைத்த பின்,
தொலைநோக்கியைக் கரீனா பக்கம் திருப்பினாள்.

மறுவாரம் படங்களைக் கணினியில் அடுக்கும்போது
கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க
ஒளியே படாத கறுப்புப் படங்கள் வேண்டியிருந்தன.
இருந்தன. நூற்று நாற்பது.

இப்போது சிகிச்சை அறைக் கூரையில்
சிவந்து விரிந்து கிடக்கிறது நெபுலா.
வாய் பிளந்து படுத்திருப்பவர்களால்
எதுவும் கேட்க முடியாது.
அவளே சொல்வாள்:
"அதுல ஒரு கிரகணம் கழிஞ்சிருக்கு.
இன்னும் கொஞ்சம் திறங்க."