புறமுதுகு

பகலில் கடிகார முள்களில்
இருளில் ஒளிரும் பச்சையைப் புள்ளி வைக்கிறேன்.
ஒரு முள்ளுக்கு ஒரு மூச்சு.
மாலையில் அதே உருப்பெருக்கியை
நெற்றியில் மாட்டிக்கொண்டு
மைசூர்ப் படைக்குச் சட்டை போடுகிறேன்.

லா ஷோ-து-ஃபோனில் ஏப்ரலிலும் பனி.
கோடு போட்டு வெட்டிய தெருக்களுக்கு மேலே
நான்காம் மாடியில், ஹீட்டரின் மேல்
காய்ந்துகொண்டிருக்கிறது
குடித்து முடித்த தேயிலைத்தூள்.
அதுதான் காவிரிக்கரை மண்.

ஒவ்வொருவனும் ஆறு மில்லிமீட்டர்.
சம்பா அரிசி ஒன்றை நிமிர்த்தி வைத்த உயரம்.
மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
ஈயத்தில் ஒரு சந்தேகம், அவ்வளவே.

ப்ளேஸ் மாத்தே பட்டறையில் பற்சக்கரம் பார்ப்பவர்.
அவருடையது சிவப்புச் சட்டைப் பட்டாளம்:
இந்த மலைக்குக் கீழே ஏரிக்கரை ஊரில் திரண்டு
கூலிக்குக் கப்பலேறி
ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை ஏறியவர்கள்.
எதிரிகளை என்னிடம் நீட்டும்போது
"உனக்கு அந்த நிறம் தெரியுமே, ஆரணி" என்றார்.
உடனே காது சிவந்து
"சட்டையைச் சொன்னேன்" என்றார்.

சட்டையைப் பற்றி எனக்கென்ன தெரியும்?
ஊதா, மேலே வெள்ளைப் புலிக்கோடு,
படத்தைப் பார்த்துத்தான் போட்டேன்.
தோல்தான் படுத்தியது.
'தோல்' என்று எழுதிய புட்டிக்குள்
வேகவைத்த இறால்.
கபிலத்தில் காவி விட்டு
காவியில் நீலம் ஒரு துளி விட்டு
மணிக்கட்டில் தடவித் தடவிப் பார்த்தேன்.
நாலாவது கலவையை
எங்கே தடவினேன் என்று தேடவேண்டியிருந்தது.

தட்டுக்கு இருபத்துநான்கு பேர்.
விதிப்படி இங்கே
ஒருவன் மட்டும் சாக முடியாது;
பகடை கேட்டால் தட்டே போகும்.
பசை, மணல், தேயிலை, புல்தூள்,
கடைசியில் ஊசிமுனையால் வெள்ளைப் பொட்டுகள்.
தும்பை.
களத்துக்குப் போகிறவன் தும்பை சூடவேண்டும்
என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது.
சூட இவர்களுக்குத் தலை போதாது.
காலடியில் வைத்தேன்.

போரைப் பார்த்திருக்கிறாயா என்று
இங்கே யாரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
பசை காய எவ்வளவு நேரமாகும் என்று சொல்லியிருப்பேன்.

பதினோராம் தட்டு.
எல்லாம் இறுகிய பிறகு கண்ணில் பட்டது:
மூன்றாம் வரிசையில் ஒருவன்
திரும்பி நிற்கிறான்.
மற்ற துப்பாக்கிகள் எல்லாம் ப்ளேஸைக் குறிவைக்க
இவனுடையது என்னை.
கத்தி வைத்தால் காலோடு வந்துவிடும்.
புறமுதுகு என்ற சொல் நாக்குவரை வந்தது.
அவ்வளவு பெரிய சொல்லை
இவ்வளவு சின்ன முதுகில்
எப்படி ஏற்ற?
விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை, செர் தெருவில்
பாலாடைக்கட்டி மணக்கும் நிலவறைக் கூடம்.
வரலாற்றில் தோற்றவர்களைக் கொடுத்துவிட்டு
பகடையையும் கையில் கொடுப்பது
பெருந்தன்மைதான்.
மூன்று மணிக்குள் சுவர் போயிற்று.
ஐந்துக்குள் பத்துத் தட்டுகள்,
பன்னிரண்டாவதும்.

ப்ளேஸ் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மேசைமட்டத்தில் ஒற்றைக் கண் வைத்தார்.
"இவன் ஓடுகிறானா?"
"இல்லை. பின்னால் வருகிறவர்களைக் கூப்பிடுகிறான்."
அவனுக்குப் பின்னால் என்ன என்று பார்த்தார்:
மேசை விளிம்பு, என் காப்பிக் கோப்பை,
அப்புறம் நான்.
பகடையைக் கையில் ரொம்ப நேரம் குலுக்கினார்.
ஐந்து.
தட்டைத் தூக்கிப் பெட்டியில் வைத்தேன்.

திங்களன்று
முள்முனையில் மிஞ்சிய பச்சையை
துடைத்தெறியாமல்
நகத்தில் ஏந்தி வந்தேன்.
இதற்குப் பட்டறையில் ஒரு பெயர் உண்டு,
நல்ல பெயரில்லை.

இரவு விளக்கணைத்தேன்.
அலமாரியில் இருநூற்று எண்பத்தெட்டுப் பேர்.
ஒருவனுக்கு மட்டும் முகம்.
யார் யாரைக் காவல் காக்கிறோம் என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் இருந்தோம்.

பிறகு எழுந்துபோய்
ஹீட்டரின் மேல் தேயிலைத்தூளைப்
புரட்டிவிட்டுப் படுத்தேன்.
ஈரம் இன்னும் போகவில்லை.