பச்சை மை

நாவலை முடித்து
கல்லுக்கட்டியில் ஜெராக்ஸ் எடுத்து
சுருள் கம்பி போட்டு வாங்கி வந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சாத்தப்பனுக்கு அதில் வேறு பெயர்.
கொஞ்சம் தூரம் வேண்டியிருந்தது
அவனுக்கு,
அல்லது எனக்கு.

கேட்காமலே எடுத்துப் படித்தான்.
நான்கு நாள். தினமும் ஐம்பத்து மூன்று பக்கம்.
ஐம்பத்து நான்காவதை
மறுநாள் வரை திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
குக்கர் விசிலடிக்கும்போது மட்டும்
தாள்களைத் தொடைக்கடியில் வைத்து
காதைப் பொத்திக்கொண்டான்,
அதற்கும் வலிக்கும் என்பதுபோல.

ஆட்டிசம் என்ற சொல்
பதினோரு இடத்தில் வருகிறதாம்.
ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது.
போட்டிருந்தான், பச்சை மையில்.

புதுவயல் ரைஸ் மில்லில் அப்பச்சிக்குக் கணக்கு வேலை.
அத்தனை இரைச்சலில்
உமி மூட்டைமேல் இவன் எப்படித் தூங்குகிறான்
என்று ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன்,
கடல், கருவறை என்றெல்லாம்.
ஓரத்தில் அவன் எழுதியது:
'மில்லு ஒரே மாதிரி ஓடும்.
நிக்கப்போறதுன்னா முன்னாடியே தெரியும்.
குக்கர் சொல்றதில்ல.'

பக்கம் 31. 'அன்னைக்குப் பள்ளத்தூர் பஸ் வரல.
ஆட்டோ. நூத்தி இருபது ரூபா.'

பக்கம் 64. 'மழை இல்லை.'
கல்யாண வீட்டில் அவன் தொலைந்துபோன ராத்திரி அது.
நான்தான் மழையைக் கொட்டவிட்டு
நனைந்த சட்டையோடு அவனைக் கட்டிக்கொண்டு
மூன்று பக்கம் அழுதிருந்தேன்.
'மழை வியாழக்கிழமை. இது செவ்வாய்.
நான் தொலையல.
ஜெனரேட்டர்கிட்ட இருந்தேன்.
நீங்க யாரும் அங்க வரல.'

பக்கம் 118.
தேவகோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.
கந்தரப்பம் நன்றாயிருக்கிறது என்றார்கள்.
ஒரே பிள்ளையா என்றார்கள்.
நாங்கள் இன்னொரு தட்டு வைத்தோம்.
நாவலில்,
தலை குனிந்த தகப்பன் ஒருவர்
மகனை இரண்டாங்கட்டு அறையில் விட்டுத் தாழ் போடுகிறார்.
விரல் நடுங்குகிறது.
அந்த நடுக்கத்துக்கு ஒரு வாரம் உழைத்திருந்தேன்.

'அப்பச்சி மில்லுலேருந்து வரவே மூணே கால்.
தாழ்ப்பாள் போட்டது ஆச்சி.
வளையல் சத்தம்.
ரெண்டு மணி பத்து நிமிஷம்.'

ஆச்சி என்றால் நான்.
எங்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

குற்றம் சாட்டுகிற எழுத்தாயிருந்தால்
கொஞ்சம் சண்டையாவது போட்டிருப்பேன்.
பஸ் வராததற்கும் இதற்கும்
ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம்.

'என்னடி எழுதியிருக்கான்?' என்றாள் ஆத்தா
வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.
'பக்க நம்பர்' என்றேன்.
'பக்க நம்பர் மட்டுமில்ல' என்றான்
வளவின் அந்தப் பக்கத்திலிருந்து.

ஆத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
கண்ணாடியைத் தேடி மாட்டினாள்.
நூற்றுப் பதினெட்டை
மளிகைச் சீட்டைப் போல விரல் வைத்துப் படித்தாள்.
பிறகு
அவனிடம், மெதுவாக:
'அது என் வளையலா இருக்குமப்பா.
நாந்தான் பூட்டியிருப்பேன்.'

அவன் கொஞ்சம் யோசித்தான்.
ஆத்தா சொன்னால் யோசிப்பான்.
'இல்ல.
ஒன் கையில ரெண்டு. இது ஆறு.'

ஆறும் அவளுடையதுதான்.
அன்று காலை கழற்றி எனக்குப் போட்டுவிட்டவை.
அதை அவனிடம் சொல்ல
எங்கள் இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

அடுப்பில் குக்கர் தடதடவென்று ஆடத் தொடங்கியது.
ஆத்தா ஓடிப்போய் அணைத்தாள்,
விசிலுக்கு முன்னால்.

அன்று ராத்திரி அரைவேக்காட்டுச் சோறு.
அப்பச்சி ஒன்றும் கேட்காமல்
இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.
இதையும் எழுதட்டுமா என்றேன்.
'புதன்கிழமை' என்றான் சாத்தப்பன்,
பருக்கைகளை
ஒவ்வொன்றாய் நசுக்கிப் பார்த்தபடி.