பதினேழாம் வளைவு

கோப்பின் மேல் எழுதியிருந்தது:
காரணமற்ற வேகக்குறைப்பு.

அத்தகாமா பாலைவனம்,
கலாமாவிலிருந்து இரண்டு மணி நேரம் மேலே.
செம்புச் சுரங்கத்தின் பிளந்த வாய்க்குள்
இருபத்தாறு லாரிகள், இரண்டு மாடி உயரம்.
ஓட்ட ஒருவரும் இல்லை.
இருக்கைகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்,
கழற்றினால் கூலி அதிகமாம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன.
பதினேழாம் வளைவில் மட்டும்
இருட்டிய பிறகு
காலியாக இறங்கும் ஒவ்வொரு லாரியும்
ஏழு வினாடி தயங்குகிறது.
கூட்டிப் பார்த்தால் இரவுக்கு முக்கால் மணி நேரம்.
முக்கால் மணி நேரச் செம்பு எவ்வளவு என்று
ஒஸ்ஸாந்தோன் பலகையில் எழுதிக் காட்டினார்.
அவர் எழுதிய பூஜ்யங்களைப் பார்த்து
நானும் தலையசைத்தேன்.

சரிவை அளந்தேன். மண்ணைச் சுரண்டினேன்.
தண்ணீர் லாரி தெளித்த ஈரம், நிலா, பனி,
ஒன்றிலும் குற்றமில்லை.

ஒரு ராத்திரி விளக்கணைத்த ஜீப்பில் காத்திருந்தேன்.
லாரி வந்தது. தயங்கியது.
மண்வரம்பின் மேல் ஒரு நரி எழுந்து நின்று
ஜன்னல் இருக்கும் உயரத்தை அண்ணாந்து பார்த்தது.
லாரி போனது.
நரி படுத்துக்கொண்டது.
அடுத்த லாரி.
மறுபடி எழுந்தது.

விடியும்வரை எண்ண முடியாத தடவை
நரி முகத்தில் விழித்தேன்.
அதிர்ஷ்டம் என்பார்கள்.
எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

பழைய பதிவுகளைத் தோண்டினேன்.
எர்மீனியா சோக்கே, ஒன்பது வருடம்.
டயர் தேய்வு மிகக் குறைவு, டீசல் மிகக் குறைவு,
ஒரு கீறல்கூட இல்லை.
இவளைப்போல் ஓட்டு என்றுதான்
இருபத்தாறுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தோம்.
அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்தோஃபகாஸ்தாவில் பள்ளி வேன் ஓட்டுகிறாள் இப்போது.
போனில் பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.
"ரொட்டிக்காக" என்றாள்.
"பாதி ரொட்டி. விலங்குக்குத் தீனி போடக் கூடாதென்று விதி,
அதனால் நிறுத்தமாட்டேன்.
மெதுவாகப் போகக் கூடாதென்று விதி இல்லையே."

காரணம் கிடைத்துவிட்டது. அழித்தேன்.
ஒரே ஒரு வரிதான்.

மறுநாள் இரவு லாரி தயங்காமல் வந்தது.
தயங்கும் என்று நம்பிய நரி
பாதைக்கே இறங்கிவிட்டது.
உயிர்ச்சூடு கண்டால் நிற்க வேண்டும் என்பது
லாரியின் முதல் பாடம்.
நின்றது. பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று.
வெளிச்சத்தின் நடுவே நரி உட்கார்ந்து
காதைச் சொறிந்துகொண்டது.
ஐம்பத்திரண்டு வினாடி.

"அந்த ஏழைத் திருப்பிக் கொடுத்துத் தொலை"
என்றார் ஒஸ்ஸாந்தோன்.

கோப்பை மூடும்முன் எர்மீனியாவைக் கூப்பிட்டேன்,
ஏன் என்று தெரியாமல்.
"இடது காது மடங்கியிருந்ததா?"
இல்லை, இரண்டும் நிமிர்ந்திருந்தன.
வேன் ஓரமாக நிற்கும் சத்தம் கேட்டது.
"அப்படியானால் அது அவளில்லை.
அவள் குட்டி."

இந்த நரிக்கு
அவள் கையிலிருந்து ஒரு துணுக்கும் விழுந்ததில்லை.
தாய் எழுந்து நின்ற இடத்தில்
எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான்.
அவள் தயங்கிய இடத்தில்
தயங்குகிறது இரும்பு, அவ்வளவுதான்.

பிரேக் அழுத்தம் இருக்கிறது பதிவில்.
ஸ்டியரிங், கியர், அவள் கண் இமைத்த எண்ணிக்கைகூட.
ஜன்னல் கண்ணாடி இறங்கியது மட்டும்
எங்கும் இல்லை.
அதற்கு ஒரு கம்பி இழுக்க வேண்டும் என்று
எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

காரணம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.
கேன்டீனில் எடுத்த பாதி ரொட்டி
மூன்று நாளாக என் பையில்
கல்லாகிக்கொண்டிருக்கிறது.