புகார்ப் புத்தகத்தின் சாவி

பலகையில் ஏழு ஐம்பது.
என் கைக்கடிகாரத்தில் எட்டு இருபது.
இரண்டுக்கும் நடுவே
சேலம் ஜங்ஷனில் நின்றுகொண்டிருக்கிறேன்.
இந்த அரை மணி நேரத்தை
ரயில்வே எந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறதோ.

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்கிறாள்.
கனிவு தீர்ந்து மூணு வருஷமாச்சு தாயே,
கவனம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது,
சொல்லு.
'நாமக்கல், கரூர் வழியாகச் செல்லும் வண்டி
இன்னும் சற்று நேரத்தில்...'

சற்று என்றால் எவ்வளவு?
ஒரு தட்டுவடை செட் வாங்கித் தின்று
விரலில் ஒட்டிய பீட்ரூட்டைத் துடைத்து
காகிதத்தை நாலாக மடித்து
குப்பைத்தொட்டி தேடி நடைமேடைக் கோடிவரை போய்
திரும்பி வந்தேன்.
சற்று அப்படியே இருந்தது.

செல்போனிலோ வண்டி எப்போதோ வந்துவிட்டது.
நான் நிற்கிற இடத்திலேயே
ஒரு பச்சைப் புள்ளி மினுங்குகிறது.
குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தேன்.
ஒரு பெருச்சாளி.
நசுங்கிய தண்ணீர் பாட்டில்.
யாரோ சப்பி எறிந்த மாங்கொட்டை.
ஒருவேளை வண்டி என் மேல்தான் நிற்கிறதோ,
நான்தான் கவனிக்கவில்லையோ.

கொலுசுப் பட்டறை மாதையன்
மடியில் பொட்டலத்தைத் தடவிப் பார்க்கிறார்.
கரூரில் பத்தரைக்குள் காதுகுத்து.
'கொலுசு இங்க கிடக்குது,
கொழந்தையோட காலு அங்க கிடக்குது' என்கிறார்.
பக்கத்தில் கந்தாயி அக்கா,
நாமக்கல் கோர்ட்டில் வரப்புத் தகராறு:
'பதினோரு வருஷமா ஜட்ஜய்யா வாய்தா குடுத்தாரு.
இன்னிக்கு ரயிலே குடுக்குது.'

எனக்கு வருகைப் பதிவேட்டில்
இந்த மாதம் மட்டும் ஏழு சிவப்பு வட்டம்.
மூன்று சேர்ந்தால் அரை நாள் சம்பளம்.
'முந்தின வண்டிக்கு வர்றதுதானேம்மா'
என்றார் சூப்பிரண்டு.
நான் வந்ததே முந்தின வண்டியில்தான் சார்.

மேம்பாலப் படியில் ஏறி நின்றால்
சேர்வராயன் மலை தெரியும்.
அந்த மலையூரின் பெயர் வைத்த எக்ஸ்பிரஸ் ஒன்று
தினமும் ராத்திரி இவ்வழியே போகிறது;
ஒருநாளும் மலையேறியதில்லை.
பெயரையே நம்ப முடியாத ஊரில்
நேரத்தைப் போய் நம்பியது
என் தப்புதான்.

ஒன்பது ஐந்துக்கு
புகார்ப் புத்தகம் கேட்டேன்.
பீரோவில் இருக்கிறதாம்.
பீரோ சாவி
திருவேங்கடம் சாரிடம் இருக்கிறதாம்.
அவர் எங்கே?
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன்
சிரிக்காமல் சொன்னான்:
'பொம்மிடியிலிருந்து வந்துட்டிருக்காருங்க.
இதே வண்டிதான்.'

டேனிஷ்பேட்டை தாண்டிவிட்டது என்றார்கள்.
மேக்னசைட் பக்கம் அவுட்டரில் என்றார்கள்.
வெள்ளைக்கல் குன்றுகளுக்கு நடுவில்
என் புகாரின் சாவி
ஜன்னலோரம் உட்கார்ந்து
சிக்னல் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

ஒன்பது நாற்பதுக்கு வந்தது.
மன்னிப்பு எதுவும் கேட்காத முகம், ரயிலுக்கு.
இறங்கிய கூட்டத்துக்குள்ளிருந்து
சோற்றுப்பையும் வியர்வையுமாக ஒருவர் ஓடிவந்தார்.
பையன் என்னைக் கைகாட்ட,
'புகாரா? வாங்கம்மா, வாங்க,
ரெண்டே நிமிஷம்' என்றார்.
வண்டியும் இரண்டே நிமிஷம்தான் நிற்கும்.

சாவிக்கொத்தைத் தேடிய கையில்
ஒரு மடித்த தாளும் சேர்ந்து வந்தது.
'கீழ்க்கண்ட எட்டு நாட்களில்
பணிக்குத் தாமதமாக வந்தமைக்கு...'
வரைக்கும் படித்தேன்.
அவர் சட்டென்று உள்ளே திணித்துக்கொண்டார்.
என்னைவிட ஒரு வட்டம் அதிகம்.

ஏறிவிட்டேன்.
கதவோரம், கம்பியைப் பிடித்து.
அவர் சாவியோடு நின்றுகொண்டிருந்தார்,
யாருக்கும் திறந்துவிட முடியாமல்.

உள்ளே மாதையன்
கரூருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்:
'பொறப்பட்டாச்சு, பொறப்பட்டாச்சு,
காது குத்தறவரைக் கொஞ்சம் புடிச்சு வைங்க.'

மல்லூரில் கிராசிங்.
நிற்கிறோம்.