துவே கார்தி

நேஷா ப்ருமென் எழுதியது ஒரு நூலகம்.
புத்தகம் கிடையாது அதில்;
அடுத்தவர் செயலிக்குள் குடிபோகும் நிரல்,
டிக்கெட் எண்ணிச் சொல்ல.
அதன் பைக்குள் ஸ்லோவேனியனுக்கு மட்டும் நாலு அறை.
ஒன்றுக்கு ஒன்று.
இரண்டுக்கு ஒன்று.
மூன்றும் நான்கும் ஒரே அறையில் படுத்துக்கொள்ளும்.
ஐந்து முதல் மிச்ச உலகம்.
ஏனா கார்தா, துவே கார்தி,
த்ரி கார்தே, பேத் கார்த்.

நமக்கு ஒருமை, பன்மை என்று இரண்டே பெட்டி.
இரட்டைக்கிளவி உண்டுதான்,
ஆனால் அது சலசலக்க;
டிக்கெட் வாங்க உதவாது.
அவர்களுக்கோ
இருவர் என்பது கூட்டத்தில் சேராது.
நூற்றியிரண்டு பேர் படகேறினாலும்
கடைசி இருவருக்காகச்
சொல் மறுபடி இரண்டாக மடியும்.

மாரிபோரில், மூன்றாம் மாடியில்,
ஹீட்டர் பழுதான பிப்ரவரியில்
கையுறையோடு தட்டச்சு செய்தாள்.
மாதிரிச் செயலியில் எல்லாம் ஓடியது.
ஓடாதா பின்னே?
மாதிரி அவள் வீடு.
சொற்கள் அங்கேயே கிடந்தன,
அடுப்படியில் உப்பு மாதிரி.

த்ரியெஸ்தேயின் படகுக் கம்பெனிக்குப் போனதும்
விலைக்குப் பக்கத்தில், வெட்கமில்லாமல்,
டிக்கெட் அடிக்கோடு கவுன்ட்
என்று நின்றது.
சொல் இருக்க வேண்டிய இடத்தில்
சொல்லின் சாவி.

"பூட்டு எங்கே?" என்று
ருஜ்ஜேரோ போனில் சிரித்தான்.

ராத்திரி பத்தரைக்குக் கண்டுபிடித்தாள்.
போன இடத்தில் நூலகம்
தன் பையைத் திறக்கவே இல்லை.
வீட்டுக்காரர் அலமாரியைத் துழாவிவிட்டு
கைவிரித்திருக்கிறது.
ஒரே வரி திருத்தம்:
அங்கே தேடாதே,
உன் மூட்டையில் தேடு.

ருஜ்ஜேரோவுக்கு அழகான இத்தாலியன் வந்தது.
கட்டைவிரல் படம் அனுப்பினான்.
வெள்ளிக்கிழமை வேறு.

பதினோராம் நாள் ஒரு கடிதம்.
அனுப்பியவர் வெகோஸ்லாவ் ஹ்ரோவாதின்.
"என் கைபேசி ஸ்லோவேனியன் பேசும்.
உங்கள் நூலகமும் பேசும் என்று
நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.
பிறகேன் எனக்கு இத்தாலியன்?
இத்தாலியன் எனக்கு நன்றாகவே வரும்.
பிரச்சினை அதுவல்ல."
கீழே, யாரும் கேட்காமலே:
"இந்த ஊர்ப் பதிவேட்டில்
என் அப்பாவின் பெயரையும் ஒருமுறை
இப்படித்தான் மாற்றினார்கள்.
அலுவலக வசதிக்காக."

நேஷா பையைப் பிரித்துப் பார்த்தாள்.
நாலு அறையும் நிரம்பியிருந்தது.
குற்றம் பையில் இல்லை.

விருந்தாளி எத்தனை மொழி சுமந்து வந்தாலும்
வீட்டுக்காரர் வாசலில்
எழுதிவைத்த மொழியில்தான் பேச முடியும்:
கைபேசியின் சட்டம் இது.
படகுச் செயலியின் வாசலில்
இத்தாலியன், ஆங்கிலம், ஜெர்மன்.
கோடையில் வந்துபோகிறவர்களுக்கு இருந்தது.
அடுத்த தெருக்காரருக்கு இல்லை.

"ஒரு கோப்புறை சேர். எஸ்எல் என்று பெயர் வை."
"உள்ளே என்ன போட?"
"ஒன்றும் வேண்டாம்."
"வெறும் கோப்புறையா?"
"பெயர் இருந்தால் போதும்."

அவன் நம்பவில்லை.
மேலாளரைக் கேட்க வேண்டுமாம்;
மேலாளர் பனிச்சறுக்கப் போயிருந்தார்.
திரும்பி வந்து கேட்டாராம்:
எத்தனை பேர் இப்படி?
ஒருவர் என்றான் ருஜ்ஜேரோ.
சரி, ஒருவருக்கு எவ்வளவு செலவு?
ஒன்றுமில்லை, காலிக் கோப்புறை.
அதற்கா மூன்று வாரம், என்றாராம்.
காலியாக இருந்தால் களஞ்சியம் ஏற்காது என்று
ருஜ்ஜேரோ உள்ளே ஒரு கோப்பு போட்டான்.
அதிலும் ஒரு எழுத்து இல்லை.

ஏப்ரலில் ஒரு படம் வந்தது.
படகுத்துறை, ஈரமான கம்பி,
வெயிலில் பாதி வெளுத்த திரை:
துவே கார்தி.

யாரோடு போகிறார் கிழவர்?
மனைவியா, தம்பியா?
நேஷா கொஞ்சநேரம்
இரண்டாவது ஆளுக்கு முகம் வரைந்துகொண்டிருந்தாள்.

படத்தின் கீழே ஒரு வரி இருந்தது,
தாமதமாகத்தான் கவனித்தாள்:
"இரண்டாவது என் சைக்கிளுக்கு."