வெள்ளிக் கெடு

பூம்பாறையில் என் செல்போனுக்கு
உயிர் வரும் இடம் ஒன்றே ஒன்று:
தண்ணீர்த் தொட்டிமேல், கிழக்கு மூலை,
அதுவும் மஞ்சு விலகினால்.
அன்று நான் ஏறியது
வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விலை கேட்க.
அதற்குள் தெரியாத எண்.
எடுத்தேன். காற்று.
காற்றுக்குள் ராயன் குரல்.

ஜீப் ஓட்டுகிற ராயன்.
சாமி படம் இருக்கவேண்டிய இடத்தில்
பொது அறிவுப் புத்தகத்தைச் சாய்த்து வைத்திருப்பவன்.
கொண்டை ஊசி வளைவில் பின்னால் திரும்பி
'மங்கோலியாவுக்குத் தலைநகர் எதுக்கா?' என்பவன்.
ரோட்டைப் பாருடா என்பேன்.
அதற்கும் அரை மார்க் போடுவான்.

நாற்பது கிலோ விதைப் பூண்டு
என்னிடம் கடனுக்கு வாங்கி
மன்னவனூர்ச் சரிவில் நட்டுப்
பனிக்குத் தின்னக் கொடுத்தான்.
பதினாறாயிரம்.
அதன்பின் என் கடையைத் தாண்டும்போதெல்லாம்
அவன் ஜீப்புக்கு ஏதோ அவசரம்.

அதனால் 'அக்கா' என்றதுமே
எனக்கு வட்டி ஏறத் தொடங்கிவிட்டது.
அவன் பேசியதில் என்னிடம் வந்து சேர்ந்தது:
'...ஒரு நாளு... ரொம்ப நீளம்...
புதன்... வெள்ளி... செவ்வாய்... வியாழன்...
எதுன்னு சொல்லுங்க, பத்து செகண்டுதான் இருக்கு.'

கடன் வாங்கியவனுக்குத் திமிரைப் பாருங்கள்,
எனக்கே நேரம் குறிக்கிறான்.
'வெள்ளி' என்றேன்.
'வெள்ளிதான். அதுல மாத்தமே கெடையாது.'
லைன் அறுந்தது.

மூன்று வெள்ளி போயிற்று.
வந்தானில்லை.
மூன்று வெள்ளியும் நான் திட்டியது
கீழே பழனிவரைக்கும் கேட்டிருக்கும்.

நாலாவது ஞாயிறு ராத்திரி
எபநேசர் டீக்கடை டிவியில்
யாருடைய கோட்டுக்குள்ளோ ராயன்.
ஐந்து லட்சத்துக்குக் கடைசிக் கேள்வி.
தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள ஆகும் நாள்
சூரியனைச் சுற்றும் ஆண்டைவிட நீளம்,
எந்தக் கோளில்?
நாலு கட்டத்துக்குள் நாலு கிழமை.

'பூம்பாறை ஜெபமணி அக்காவுக்குப் போடுங்க சார்.
அவங்களுக்குத் தெரியாதது இல்ல.'
ஒருநாள் ஒருத்தி அழைத்து
நிகழ்ச்சி, சம்மதமா மேடம் என்றபோது
லோன் விற்கிறவள் என்றெண்ணி
சரி சரி என்று வைத்த நினைவு
அப்போதுதான் வந்தது.

கடை முழுக்க என் குரல்.
வெள்ளிதான். அதுல மாத்தமே கெடையாது.
திரைக்குள் கைதட்டல்.
'எவ்வளவு உறுதி!' என்கிறார் கேள்வி கேட்பவர்.
ராயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு
'அவங்க நாள் குறிச்சா குறிச்சதுதான் சார்.'

பச்சை விளக்கு.
அவன் தலைமேல் கலர் காகிதம் கொட்டுகிறது.
பன்னைக் கடித்தபடி ஊர் என்னைத் திரும்பிப் பார்க்கிறது.
அந்தக் கோளை எனக்கு எவ்வளவு தெரியும்?
சில மாதங்களில் விடியுமுன் மூட்டை ஏற்றும்போது
கிழக்கே கொடைக்கானல் பக்கம் நிற்கும்,
லாரிக்காரன் அணைக்க மறந்த லைட் மாதிரி.
அவ்வளவுதான்.

என் கல்யாணத்துக்கு 'ம்' சொன்னதும் இப்படித்தான்.
அப்பா காபி வேணுமா என்று கேட்டதாக நினைத்து.

இப்போது பிள்ளைகள் பரீட்சைக்கு முன் கடைக்கு வருகிறார்கள்.
ஊராட்சி கிளார்க் பட்டா சந்தேகத்தோடு வருகிறார்.
சந்தை விலையைத் தவிர எல்லாம் கேட்கிறார்கள்.

போன வாரம் ஜீப் தானாக நின்றது.
'செக்கு இன்னும் வரலக்கா.'
'நான் சொன்ன வெள்ளி?'
'அது இன்னும் முடியலயே.
ஒரு சுத்து முடிய அதுக்கு
நம்ம கணக்குல எட்டு மாசம்.'

விரல் விட்டு எண்ணினேன்.
எட்டு மாதத்தில் அடுத்த பூண்டு எடுத்துவிடலாம்.
கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது.

கடன் நோட்டில் அவன் பெயருக்கு நேரே
தேதி போடும் இடத்தில்
வெள்ளி என்று மட்டும் எழுதினேன்.
அவன் எட்டிப் பார்த்து வாயைத் திறந்தான்,
அடுத்த கேள்விக்கு.

ரோட்டைப் பாருடா என்றேன்.