இரைப்பை: காலி

மராத்தியில் அழுபவர்களுக்கு மானே போதும்,
இந்திக்கும் அவனே.
தமிழில் அழுதால்தான்
பிணவறை வாசலுக்கு என்னைக் கூப்பிடுவார்கள்.
கையுறையைக் கழற்றி
எலுமிச்சை சோப்பில் இரண்டு தரம் கழுவிவிட்டு வருவேன்.
போகாது. தெரியும்.

ஜூலை. மூன்று நாளாய் மழை.
சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே
தண்டவாளத்திலிருந்து எடுத்தது.
ரயில்வே போலீஸ் காகிதத்தில்
ஆண், வயது சுமார் இருபத்துமூன்று.
சட்டைப்பையில் சீசன் டிக்கெட்,
நனைந்து பிரிந்த ஒரு பத்து ரூபாய்.
சுடலைமுத்து என்கிற பெயர்
மாலையில்தான் வந்தது, அவன் அம்மாவோடு.

அதற்குள் நான் எழுதி முடித்திருந்தேன்.
மண்டையோடு, விலா, மண்ணீரல்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.
இரைப்பை: காலி.

(வீட்டில் மகள் சாப்பிட உட்கார்ந்தால்
என் கண் கடிகாரத்துக்குப் போகிறது.
சோறு நாலு மணி நேரம், கறி ஆறு.
அவளுக்கு ஒன்பது வயது.)

வலித்திருக்குமா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது,
சொல்லிச் சொல்லி வழவழத்த பதில்.
"சாப்பிட்டிருந்தானாம்மா?" என்றாள்.
"காலைல சண்ட. தட்டத் தள்ளிட்டுப் போயிட்டான்.
வயித்தப் பாத்தாத் தெரியும்லா உங்களுக்கு?"

பத்தொன்பது வருஷம்.
சாட்சிக் கூண்டில் ஏறி நின்று,
வக்கீல்கள் எப்படிப் புரட்டிக் கேட்டாலும்
ஒரு மில்லிமீட்டர் கூட்டிச் சொன்னதில்லை நான்.
"சாப்பிட்டிருந்தான்" என்றேன்.

"என்னது?"

இதை யாரும் என்னைக் கேட்டதில்லை.
எதிர்ச்சாரியில் கடை, எண்ணெய் கொதிக்கும் வாசம்.
"வடா பாவ்."

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.
"அவனுக்கு உருளைக்கெழங்கு ஆகாதே.
சின்னதுலேர்ந்தே தொட மாட்டான்."

தகரக் கூரையில் மழை.
மானே படிவத்தை நீட்டினான்.
எங்கே என்று கேட்டு, கட்டைவிரலை வைத்தாள்.
எழுந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
கழுவியும் போகாத கையை.
"பசில தின்னுருப்பான்" என்றாள்.
எனக்குச் சொன்னாளா, தனக்கா.

இரவு தாதரில் வண்டி மாறும்போது
ஒன்று வாங்கி, நின்றபடியே தின்றேன்.
பச்சை மிளகாயைக்கூட விடவில்லை.
மூன்று வண்டிகள் போயின.

அறிக்கையில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.
நாளை தட்டச்சுக்குப் போகும்.